பெருமாள் கேட்ட நாலு பேர்

காலை ஆறரைக்கு அக்குறணைச் சந்தியில், மாத்தளையிலிருந்து வந்த கண்டி பஸ்ஸில் ஏறினேன். வானம் மூடிக் கிடந்தது. "முட்டுக்கால் நோவோட மலைக்கு என்னத்துக்கு? மழையும் ஈக்கி," என்று மனைவி வாசல்வரை வந்து மறித்துப் பார்த்தாள். "ஒரு தோள் குடுத்துட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

இறந்தவர் பெருமாள் அண்ணன். ஹேவாஹெட்டவிலிருந்து லீக்ஸும் கரட்டும் ஏற்றிக்கொண்டு இருபது வருடமாக என் மரக்கறிக் கடைக்கு லொறி ஓட்டி வந்தவர். மூட்டைகளை இறக்கியதும் பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு, "என்னாத்த சேத்து என்னா நானா, கடைசியில தூக்க நாலு பேரு வேணும்," என்பார். "எங்கட ஊருல நாலு பேரல்ல, நானூறு பேர் வருவாங்க," என்று நான் பீற்றிக்கொள்வேன். மனிதர் சிரிப்பார். நானும் அதற்குமேல் யோசித்ததில்லை.

கண்டியில் பஸ் மாறினேன். ஹேவாஹெட்டவுக்கு முப்பது கிலோமீட்டர் வரும். அம்பிட்டியைத் தாண்டியதும் வளைவுகள் தொடங்கின. பக்கத்து இருக்கையில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், பேராதனையில் படிப்பிக்கிறாராம். எங்கே பயணம் என்று கேட்டார். சொன்னேன். அப்படியே பெருமாளின் நாலு பேரையும் சொன்னேன்.

"ஓம், அது பாடையில இருந்து வந்த கதை எண்டுதான் நான் நினைக்கிறன்," என்றார். "பாடைக்கு நாலு மூலை. மூலைக்கு ஒராள். பிறகு ஊர்ச்சனம் முழுக்க 'நாலு பேர்' ஆயிட்டுது. உங்கட பக்கத்திலயும் நாலு பேர்தானே தூக்கிறது?"

"தூக்குறது நாலு பேர்தான். ஆனா ஆள் மாறிக்கிட்டே ஈப்பாங்க," என்றேன். எங்கள் ஊரில் இறந்தவரின் ஜனாஸாவை யாரும் நெடுந்தூரம் சுமப்பதில்லை. சில எட்டு வைத்ததும் பின்னால் வருபவர் தோளை நுழைப்பார், நாம் விலகிக்கொள்வோம். நன்மை எல்லோருக்கும் கிடைக்க வேண்டுமே! திரும்பிப் பார்க்கக்கூடத் தேவையில்லை. யாழ்ப்பாணத்துக்காரர் தலாத்துஓயாவில் இறங்கிக்கொண்டார்.

ஹேவாஹெட்டவிலிருந்து தோட்டத்துக்கு முச்சக்கர வண்டி, அறுநூறு ரூபா. ஓட்டியவர் பண்டார என்ற சிங்கள இளைஞர். பெருமாளின் பெயரைச் சொன்னதும், "நம்ம லொறி ஐயாவா?" என்று தமிழில் கேட்டு வேகத்தைக் கூட்டினார்.

பெருமாளின் லயத்து வீட்டு வாசலில் பெரிய வாக்குவாதம். மழையில் மண் சரிந்து மேல்மலை மயானத்துக்குப் போகும் பாதை அடைபட்டிருந்தது. வாகனம் ஏறாது. கீழே ரோட்டோரத்து மயானத்திலேயே அடக்கிவிடலாம் என்றார் பெருமாளின் தம்பி. ஒரே மகள் செல்வி அசையவில்லை.

"அம்மா மேல இருக்காங்க, சித்தப்பா. அப்பா அவங்க பக்கத்துலதான் கெடப்பேன்னாரு. குழியும் வெட்டிக்கிட்டிருக்காங்க."

"தூக்க ஆளு எங்க புள்ள?"

அவர் கேட்டதில் தப்பில்லை. வாலிபர்கள் கொழும்புக் கடைகளில். தோட்டத்தில் மிச்சமிருந்த திடமானவர்கள் விடியவே குழி வெட்ட மேலே போய்விட்டார்கள். வாசலில் நின்ற ஆண்களில் முக்கால்வாசிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். செல்வியின் கணவன் ரவி முன்வந்தான். பக்கத்து வீட்டு மாடசாமி வந்தார். பண்டார வண்டிச் சாவியைப் பைக்குள் போட்டார். நான் சாரத்தை மடித்துக் கட்டினேன்.

பெட்டிக்கு அடியில் இரண்டு மூங்கில்களைக் கட்டி நாலு நுனியையும் நால்வர் தோளில் ஏற்றினோம். தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, செங்குத்து. பெருமாள் அண்ணன் இவ்வளவு பாரமாக இருப்பார் என்று நான் எண்ணவில்லை. பாதை திரும்பும் முதல் முடக்கில் தோள் எரிந்தது. அப்போதுதான் அந்த மடத்தனத்தைச் செய்தேன். ஊர்ப் பழக்கத்தில், திரும்பியும் பாராமல், மூங்கிலைப் பின்னால் தள்ளிவிட்டு விலகினேன்.

பின்னால் யாரும் இல்லை.

பெட்டி சரிந்தது. மாடசாமி அலறினார். வழக்கப்படி முடக்கோடு நின்றுவிட்ட பெண்களிலிருந்து செல்வி பாய்ந்து வந்து நுனிக்குள் தோளைக் கொடுத்தாள். பெட்டி நின்றது.  வெட்கத்தில் எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"எறக்கு புள்ள!" என்று சித்தப்பா கத்தினார். "பொம்பள தூக்கினா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"அந்த நாலு பேர வந்து தூக்கச் சொல்லுங்க, நான் விட்டுர்றேன்," என்றாள் செல்வி. 

நான் ஓடிப்போய், "மகள், தாங்க, நான் புடிக்கிறேன்," என்றேன். அவள் தரவில்லை. "நான் நல்லா இருக்கேன் மாமா. அந்தப் பக்கம் அவருக்குத்தான் மூச்சு வாங்குது. அவர மாத்துங்க."

ரவியின் நுனியை நான் வாங்கினேன். அடுத்த முடக்கில் ரவி மாடசாமியை மாற்றினான், அதற்கடுத்ததில் மாடசாமி பண்டாரவை. எங்கள் ஊர் வழக்கம்தான். ஒரு வித்தியாசம், இங்கே ஒவ்வொருவரும் திரும்பிப் பார்த்து, "புடிச்சாச்சா?" என்று கேட்ட பிறகே விட்டோம். மண் சரிந்த இடத்தில் முழங்கால்வரை சேறு. என் முட்டுக்கால் செத்துப் போயிருந்தது. இறக்கி வைக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்பதாக இல்லை. முதல் தூறல் விழுந்தபோது பெருமாள் அண்ணன் தன் மனைவிக்குப் பக்கத்தில் இருந்தார்.

கீழே வந்ததும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன். சாவு வீட்டில் அதுதான் முறை. சித்தப்பா மட்டும் முச்சக்கர வண்டிவரை வந்து, சேறு படிந்த என் தோளைத் தன் துண்டால் துடைத்துவிட்டார். கண்டி போகும்வரை பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். நாலு மூலைக்கு நாலு பேர் என்பது சரியான கணக்குத்தான், தரை சமமாக இருந்தால்.

வீட்டுக்கு வர அந்தியாகி மஃரிப் பாங்கும் சொல்லிவிட்டது. தோளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே மனைவி கேட்டாள். "ஆள் போதுமா ஈந்திச்சா? நாலு பேராவது வந்தாங்களா?"

"நாலு பேர் போதல்ல. அஞ்சு பேர் தூக்கினோம்."

"அஞ்சாவது யாரு?"

"அவர்ட மகள்."

எனக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் பெண்கள். அடுப்படியிலிருந்து தேத்தண்ணீரோடு வந்த மூத்தவள் அப்படியே நின்றாள். கோப்பையை என்னிடம் நீட்டி, நான் இரு கையாலும் வாங்கிக்கொள்ளும்வரை விடாமல் பிடித்திருந்தாள்.