தலையில்லா மீனடியில் ஒரு மாடி வீடு

இந்த நடுச்சாமத்தில் குழுவில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மகன் தூங்கிய பிறகுதான் கைப்பேசி என் கைக்கு வருகிறது. நாளை ஜும்ஆத் தொழுகைக்கு முன் நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும், அதனால் காலை வரை பொறுக்கவும் முடியவில்லை.

கணவருக்குக் கல்முனைக்கு இடமாற்றம். சாய்ந்தமருதில் கடற்கரைக்குப் போகும் ஓர் ஒழுங்கையில் வாடகைக்கு மாடி வீடு இருப்பதாகச் சொன்னார். "நீ பார்த்துச் சரி என்றால் சரி" என்று முழுப் பாரத்தையும் என் தலையில் வைத்துவிட்டார். மகனுக்கு மூன்று வயது. புது முகம் கண்டால் என் முந்தானைக்குள் புகுந்துகொள்வான், வாய் திறக்க மாட்டான். எனக்கோ கடல் பயம். சுனாமியில் அது ஊருக்குள் ஏறி வந்த கரையல்லவா?

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குக் கண்டியில் பஸ் ஏறினோம். பதினெட்டு வளைவிலும் மகன் வாந்தி எடுக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அம்பாறை தாண்டியதும் இரு பக்கமும் வயல். காற்றில் பயிர் சாய்ந்து நிமிர்வதைப் பார்த்தபடி பாதி தூக்கத்தில் போனேன். அதனால் சாய்ந்தமருதில் இறங்காமல் கல்முனை வரை போய், ஆட்டோவில் மூன்று கிலோமீட்டர் திரும்பி வந்தோம். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், பிரதான வீதியிலேயே இறங்கிவிடுங்கள்.

ஆட்டோக்காரரிடம் ஒழுங்கையின் பெயரைச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை.

"தலையில்லா மீனடியா, தங்கச்சி? அப்படிச் சொல்லுங்களன்!"

ஒழுங்கை முனையில் ஆட்டோ நின்றது. ஆட்டோவை விட நீளமான சீமெந்து மீன். வால் கடல் பக்கம். உடம்பெல்லாம் செதில், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். கழுத்தோடு நேராக வெட்டுப்பட்டிருந்தது.

"முதல்ல தலை இரிந்த. உயிருள்ள உருவம் வைக்கப்படாதெண்டு பள்ளிவாசல்ல பெரிய கதை. இதக் கட்டின மேசன் கோவத்தில தலைய வெட்டிட்டாரு. இப்ப அது உருவமில்ல, ஆணம் காய்ச்ச வெட்டின மீன்!" என்று சிரித்தார்.

மீன் நிற்கிற இடம் மீனடி; அதற்குப் பிறகு எல்லாமே மீனடிதானாம். மீனடிக் கடை, மீனடி வேன். கலியாண அழைப்பிதழில்கூட அதையே அடிக்கிறார்கள். கிரிக்கெட்டில் அடுத்த ஒழுங்கைப் பொடியன்மார் "தலையில்லாதவனுகள்" என்று கத்தினால், "தலைய ஒங்களுக்குத்தான் தந்த, உறிஞ்சுங்க" என்று இவர்கள் திருப்பிக் கத்துவார்களாம்.

வீட்டுக்காரி ஜெஸீமா ராத்தா கீழ் வீட்டில் இருக்கிறார். மாடியைக் காட்டினார். ஜன்னலைத் திறந்ததும் கடல் இரைச்சல் அறைக்குள் வந்து நிறைந்தது. உப்புப் புகை போல ஏதோ ஒன்று வெயிலை மங்கலாக்கியிருந்தது. கூரைகள் அதில் மிதப்பது போலிருந்தன. அழகுதான். ஆனாலும் நான் ஜன்னலைப் பாதி சாத்தினேன்.

"பயமில்லையா, ராத்தா?"

"பயமில்லாம? கடல் கொஞ்சம் ஊமையானாலே எழும்பி எட்டிப் பார்ப்பன். பார்த்திட்டு வந்து படுப்பன், புள்ள."

குசினியில் அடுப்படியைப் பார்த்துத் திரும்பினால் மகனைக் காணவில்லை. செருப்பும் போடாமல் ஓடினேன். முதலில் கடலுக்கு. மணலில் யாருமில்லை. திரும்பி ஒழுங்கை முனைக்கு வந்தபோதுதான் கண்டேன். மீனின் வயிற்றுப் பக்கம், நாலைந்து சிறுமிகளுக்கு நடுவில், கையில் தூரிகையோடு நின்றான். வெறும் சீமெந்தாக இருந்த ஒரு செதில் பாதி பச்சையாகியிருந்தது.

"இது ஒங்கட செதில், மாமி" என்றாள் ஒருத்தி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு செதிலாம், பெருநாளைக்கு முன் அந்தந்த வீட்டுப் பிள்ளைகள்தான் பூச வேண்டுமாம். மாடி வீட்டுச் செதில் ஆளில்லாமல் கிடந்ததாம்.

"நாங்க இன்னும் வீடு எடுக்கல்லையே, மகள்!"

அவள் முகம் வாடிவிட்டது. "ஆக்கள் வந்திட்டாங்கெண்டு உம்மா சொன்னாவே? பூசியாச்சி மாமி, இனி அழிக்கேலா."

நான் மகனைத் தூக்கப் போனேன். அவன் என் கையைத் தட்டிவிட்டு, "அது என்ட பச்சை" என்றான். என்னிடமில்லை, அந்தச் சிறுமியிடம். வேற்று ஆளோடு அவன் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மீன் பார்க்கப் போகிறவர்கள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு போங்கள், மத்தியான வெயிலில் சீமெந்து சுடும். தண்ணீர் கொண்டுபோங்கள். வெள்ளிக்கிழமை நடுப்பகல் கடைகள் பூட்டு. பிள்ளைகளைப் படம் எடுக்க முன் தாய்மாரிடம் கேளுங்கள். செதிலைத் தொடலாம், அதில் ஏறாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு இருக்கிறது. வீட்டிலக்கம் சொன்னால் தெரியாதவர்கள், "நாங்க வால் பக்கத்து மஞ்சள்" என்று பெருமையாகச் சொல்லுகிற ஒழுங்கை அது. பள்ளிவாசலும் மேசனும் முறுகியதில் மிஞ்சிய அந்த அரை மீனைச் சுற்றி ஓர் ஊர் தன்னைக் கட்டிக்கொண்டது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

நாளை ஜும்ஆவுக்குப் பிறகு வேறொரு குடும்பம் வீடு பார்க்க வருகிறது, அதற்கு முன் ராத்தாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். என் மகன் அங்கே பேசுவான் என்று தெரிகிறது. நான் அங்கே தூங்குவேனா என்றுதான் தெரியவில்லை. அந்தக் கரையில் சின்னப் பிள்ளைகளோடு இருக்கிற தாய்மாரே, இரவில் அந்த இரைச்சலோடு எப்படிக் கண் மூடுகிறீர்கள்? தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.