அலகும் கடல்பாசியும்

லூனாஸ் ஊர்க் கோயிலில் காவடிக்காரர்களுக்கு அலகு குத்தும் அந்த மெலிந்த மனிதர், முதலில் கன்னத்தில் விபூதியை வைத்துக் கட்டைவிரலால் நெடுநேரம் அழுத்துவார். அவர் குத்தி ரத்தம் வந்து யாரும் பார்த்ததில்லை. எனக்கு வந்தது. மார்பு வரை வழிந்தது; நிற்கவே இல்லை.

“விரதத்துல ஏதோ குறை,” என்று கூட்டம் முணுமுணுத்தது. அம்மா தலைகுனிந்தாள்.

அவர் அலகை உருவிவிட்டு என் காதருகே குனிந்தார். “என்ன தம்பி சாப்பிட்ட?”

“சைவம்தாண்ணே. கடல்பாசி கேப்சூல் மட்டும். ரத்தத்த இளக்கும்னு ஃபேக்டரில ஒருத்தர் குடுத்தாரு.”

நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: “தம்பி விரதம் சுத்தம்லா. என் கைதான் தவறிடுச்சு. கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போங்க.”

அவருடைய வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வேறு ஆளிடம் நகர்வதை, கன்னத்தைத் துணியால் அழுத்தியபடி பார்த்துக்கொண்டே போனேன்.