அடிப்படை ஆண்டு அம்மா

அலுவலகத்தில் அவளுக்கு ‘அடிப்படை ஆண்டு அம்மா’ என்று பெயர். வெங்காயம் விலை ஏறிப்போச்சு என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால், “எந்த வருஷத்தோட ஒப்பிட்டுச் சொல்றீங்க?” என்று பிடித்துக்கொள்வாள். அதனால் தேநீர் வேளையில் அவள் தலை தெரிந்தாலே எல்லோரும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

புள்ளியியல் துறையின் மூன்றாவது மாடியில் அவள் வேலை. வீட்டுச் சாமான்களின் விலையைப் பார்ப்பது வேறொரு பிரிவு. இவளுடைய விலைக் குறியீடு அகலமானது. நாட்டில் உற்பத்தியாகும் எல்லாமே அதில் சேரும்: சிமெண்டு, கிரேன், கப்பலேறும் துணி, வக்கீல் வாங்கும் கட்டணம் வரை. பழைய கணக்குகள் ஒன்றோடொன்று ஒட்டாது. ஒரு காலத்தில் தட்டச்சுப்பொறி, இன்னொரு காலத்தில் கம்ப்யூட்டர். அவற்றையெல்லாம் இழுத்துத் தைத்து, சில தலைமுறைகளின் விலைவாசியை ஒரே கோடாக்குவதில் அவளுடைய இளமை போயிற்று. வந்த வரன்களும் அந்த வழியிலேயே போயின.

அவளைப் படிக்கவைத்தது அண்ணன். அப்பா கண்ணை மூடியதும் அவர் தன் படிப்பை விட்டு அரசு அச்சகத்தில் சேர்ந்தார். மை வாசனையோடு வீட்டுக்கு வந்து, “என் தங்கச்சி பெரிய கணக்குப் புலி” என்று அண்ணியிடம் பீற்றிக்கொள்வார்.

கோடு முடிந்ததும் அறிக்கை எழுதினாள். நாட்டின் நீண்ட காலப் பணவீக்கத்தை அளக்க இதைவிட முழுமையான அளவு வேறில்லை என்று அதில் ஒரு வரி. அந்த வரியை அமைச்சகம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. இனி ஓய்வூதிய உயர்வு வீட்டுச் சாமான் குறியீட்டின்படி கிடையாது. அவளுடைய குறியீட்டின்படிதான் என்று ஆணை வந்தது. நிபுணர் கருத்து என்று செய்தித்தாளில் அவள் பெயரையும் போட்டிருந்தார்கள்.

இயக்குநரின் அறைக்கு ஓடினாள்.

“சார், அது நாட்டைப் பத்தி எழுதின வரி. மெஷின் விலை இறங்குச்சுன்னா இந்தக் குறியீடு அடங்கியே கிடக்கும். வெளிநாட்டுல இருந்து வர்ற மருந்து இதுல சேரவே சேராது. வயசானவங்க மருந்துதானே சார் வாங்கறாங்க?”

“முழுமையானதுன்னு நீங்கதானேம்மா எழுதினீங்க?” இயக்குநர் சிரித்தார். “இப்போ மாத்திப் பேசினா துறைக்கே கெட்ட பேர். ஒரு குறிப்பு எழுதிக் கொடுங்க, மேல அனுப்பறேன்.”

எழுதிக் கொடுத்தாள். அவர் மேசையைத் தாண்டி அது எங்கும் போகவில்லை. பத்திரிகைக்காரர்களிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். ஓய்வுக்குச் சில ஆண்டுகளே இருந்தன. பயந்தாள்.

அச்சகத்திலிருந்து ஓய்வுபெற்றிருந்த அண்ணனுக்கு நெஞ்சு நோய். அவர் விழுங்கிய மாத்திரை வெளிநாட்டுச் சரக்கு. அதன் விலை ஏறிக்கொண்டே போனது, ஓய்வூதியம் நகரவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போனபோது, அண்ணி பிளேடால் மாத்திரையைப் பாதியாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

“டாக்டர் குறைக்கச் சொன்னாரா?”

“உங்க ஆபீஸ்தான் சொல்லுச்சு” என்றாள் அண்ணி, தலை நிமிராமல்.

அண்ணன் உரக்கச் சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது. “ஏம்மா, நான் என்ன மாசாமாசம் கிரேனா வாங்கறேன்?”

“மருந்தை நான் வாங்கித் தரேண்ணா.”

“தங்கச்சி கையால பிச்சை வாங்கவா அவ்வளவு வருஷம் அச்சு கோத்தேன்?” பிறகு தணிந்த குரலில் சொன்னார்: “நீ கணக்கைத் தப்பாப் போட்டிருந்தா திருத்திடுவ. சரியாப் போட்டுட்ட. அதுக்கு என்ன பண்ண முடியும்?”

அவருக்குத் தெரியாமல் மருந்துக் கடையில் பணம் கட்டிப் பார்த்தாள். கடைக்காரர் உளறிவிட்டார், அண்ணன் கடையையே மாற்றிக்கொண்டார். கோடை முடிவதற்குள், குளியலறை வாசலில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. அரை மாத்திரையால்தான் என்று மருத்துவர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

காரியங்கள் முடிந்ததும் அண்ணியைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கெஞ்சினாள்.

அண்ணி புடவைகளை மடித்துக்கொண்டே, “வேண்டாம்மா. உன் மேல கோபம்னு நினைச்சுக்காத. ஆனா தினமும் உன் மூஞ்சியில முழிக்க என்னால முடியாது” என்றாள். மறுநாள் தன் தம்பி வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அதன்பின் ஒரு போன்கூட இல்லை.

அந்தக் காலாண்டின் குறியீடு மேசைக்கு வந்தது. ஏற்றம் சொற்பம். இயக்குநருக்கு வாயெல்லாம் பல். அவள் பழக்கம் விடாமல் ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தாள். எங்காவது ஒரு பிழை அகப்படாதா என்று மாலைவரை தேடினாள். இல்லை. பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டாள்.