சமாதானத்தின் சரித்திரப் பரீட்சை

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. ஊர் கூப்பிட்ட பெயர் சமாதானம். சின்ன வயதில் அக்காமார் இருவரும் சண்டை போட்டுக்கொண்டு நியாயம் கேட்க இவளிடம் ஓடி வருவார்களாம். இவள் இரண்டு பக்கமும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ சொல்றதும் சரி, அவ சொல்றதும் சரி" என்பாளாம். அடி இரண்டு பக்கமிருந்தும் விழும். சண்டைகள் மறந்துபோயின, பெயர் ஒட்டிக்கொண்டது. கல்யாணத்துக்குப் பிறகு கணவரும் அப்படியே கூப்பிட்டார். வேலைக்குப் போன மூக்குக்கண்ணாடிக் கடையிலும் அதுவே நிலைத்தது.

கடையின் முன்பக்கம் ஃபிரேம்கள் அடுக்கிய அலமாரிகள். பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஓர் இருட்டறை. அங்கேதான் அவளுக்கு வேலை. வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கின்மேல் கனமான ஒரு சோதனை ஃபிரேமை மாட்டி, பெட்டியிலிருந்து வட்ட லென்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் செருகி, எதிர்ச்சுவரில் ஒளிரும் எழுத்துகளைப் படிக்கச் சொல்வாள். "இது தெளிவா? இருங்க, மாத்துறேன். இப்போ? முதல்ல போட்டது நல்லா இருந்துச்சா, இது நல்லா இருக்கா?" பெரிய பெரிய ஆட்களெல்லாம் அந்த நாற்காலியில் திருதிருவென்று விழிப்பார்கள். தப்பான பதில் சொல்லிவிடுவோமோ என்று வேர்த்துப்போவார்கள். "ரெண்டும் ஒரே மாதிரி தெரிஞ்சா, ஒரே மாதிரின்னு சொல்லுங்க. அதுவும் பதில்தான்" என்று அவள் தைரியம் சொல்வாள்.

ஒருநாள் கடையை நடத்தும் கண் டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டு, "இன்னொரு கிளை திறக்கப்போறேன். நீ கண் பரிசோதனைப் படிப்பு ஒரு வருஷம் முடிச்சிட்டா அங்க அந்த அறையே உன் பொறுப்பு. ஆனா பள்ளி இறுதிச் சான்றிதழ் இல்லாம அந்தப் படிப்புல சேத்துக்க மாட்டாங்களே" என்றார்.

அந்தச் சான்றிதழ்தான் அவளிடம் இல்லை. இறுதிப் பரீட்சை வருடத்தில் அவள் அப்பா ஆலையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். வீட்டைப் பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அக்காமாருக்குக் கல்யாணமாகியிருந்தது. புத்தகத்தை மூடியவள்தான். இத்தனை வருடம் கழித்துத் தனித்தேர்வராக எழுதி மற்றப் பாடங்களில் எல்லாம் தேறிவிட்டாள். நவீன வரலாறு மட்டும் காலை வாரியது. இந்த வருடம் மறுபடி எழுத வேண்டும். அதே பரீட்சையை இந்த வருடம் அவள் மகளும் எழுதுகிறாள். வீட்டில் பாடப்புத்தகம் ஒன்று, பரீட்சைக்காரர்கள் இருவர்.

வரலாறு என்றால் தேதியும் சண்டையும்தான், நெட்டுருப் போட்டால் தீர்ந்தது என்று நினைத்திருந்தாள். கேள்வித்தாளோ அவளிடம் கருத்துக் கேட்டது. 'முதல் உலகப் போருக்கு எந்த ஒரு நாடும் தனியாகப் பொறுப்பல்ல. இக்கூற்றை ஏற்கிறீரா? விவாதிக்க.'

அவள் படித்துப் பார்த்தாள். ஓர் இளவரசரைச் சுட்டுவிட்டார்கள். அதற்காக ஒரு நாடு பக்கத்து நாட்டை மிரட்டியது. மிரட்டப்பட்டவனுக்கு ஒருவன் துணைக்கு வந்தான், மிரட்டியவனுக்கு இன்னொருவன். இவன் படை திரட்டுகிறானே என்று அவன் திரட்டினான். அவன் திரட்டுகிறானே என்று இவன். ஒவ்வொருவன் கதையைப் படிக்கும்போதும் அவன் பயம் நியாயமாகவே பட்டது. கைடில் கூட்டணிகள்தான் காரணம் என்றிருந்தது. மகளின் பள்ளியில் அச்சடித்துக் கொடுத்த குறிப்பில் ஆயுதப் போட்டி என்றிருந்தது. பழைய புத்தகக் கடையில் வாங்கிய தடிப் புத்தகம், முழுப் பழியையும் ஒரே நாட்டின் தலையில் கட்டியது.

"மூணும் அச்சுல இருக்கு. மூணும் வேற வேற சொல்லுது. அப்போ நான் எதைத்தான்டி எழுதுறது?" என்று மகளிடம் கேட்டாள்.

"கைடுல இருக்கிறதை எழுதும்மா. திருத்துறவங்க கைடு வெச்சுத்தான் திருத்துவாங்க."

"அப்போ என் கருத்துன்னு ஏன் கேக்குறாங்க?"

"சும்மா ஒரு மரியாதைக்குக் கேப்பாங்கம்மா. விருந்தாளிகிட்ட சாப்டீங்களான்னு கேக்குற மாதிரி."

கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவரிடமும் கேட்டாள். "லிஃப்ட் நின்னுபோச்சுன்னா காரணம் ஏதோ ஒண்ணுதான் இருக்கும். மோட்டார், வயர், இல்லேன்னா கதவு. அதைப் பிடிச்சாத்தான் வேலை முடியும். நீயும் ஒண்ணைப் பிடி" என்றார் அவர்.

"மூணும் சேந்து போயிருந்தா?"

"அப்போ நான் கம்பெனிக்கு போன் போட்டு வேற ஆளைக் கூப்பிடுவேன்."

அவளுக்குக் கூப்பிட ஆள் இல்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது.

ஞாயிறு காலைகளில் தனித்தேர்வர்களுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பு நடந்தது. டீச்சர் அவளைவிடப் பல வயது சின்னவள். ஒருநாள் கட்டுரைத் தாளைத் திருப்பிக் கொடுத்தபோது பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். "அக்கா, தகவல் நிறைய இருக்கு. கையெழுத்து முத்து முத்தா இருக்கு. ஆனா கடைசிவரைக்கும் நீங்க தீர்ப்பே சொல்லலையே. மதில்மேல பூனை மாதிரி நிக்கிறீங்க. எந்தப் பக்கமாவது குதிக்கணும்கா."

"செத்துப்போனது லட்சக்கணக்கான பேரு டீச்சர். அதுல தீர்ப்பு சொல்ல நான் யாரு?"

"பரீட்சை எழுதுறவங்க" என்றாள் டீச்சர்.

சமாதானம் அன்று முழுவதும் அதை மென்றுகொண்டிருந்தாள். எந்தப் பக்கமும் குதிப்பதற்குத் தோதாகத் தெரியவில்லை.

மகளுக்கு இந்தத் தொல்லையே இல்லை. கைடில் இருந்த கட்டுரைகளை வரி பிசகாமல் உருப்போட்டிருந்தாள். தலை வாரும்போது பிரெஞ்சுப் புரட்சி, செருப்பு மாட்டும்போது தொழிற்புரட்சி. அவள் கவலை வேறு. வானிலைப் படிப்பில் சேர வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அந்தப் படிப்பு இருந்ததோ தூரத்து நகரத்தில். அப்பா முடியவே முடியாது என்றுவிட்டார். மகளுக்குச் சின்ன வயதிலிருந்து மூச்சிரைப்பு. "ராத்திரியில இழுப்பு வந்தா அங்க யாரு இருக்கா? இங்கேயே கணக்குப் படிப்பு இருக்கு. அதைப் படிக்கட்டும்." இது வீட்டில் சில மாதமாகப் புகைந்துகொண்டிருந்தது. சமாதானம் இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் பேசி, "அவர் பயப்படுறதும் நியாயம், உன் ஆசையும் நியாயம்" என்று தண்ணீர் தெளித்து வைத்திருந்தாள்.

பரீட்சைக்கு முன்பு பள்ளியில் மாதிரித் தேர்வு வைத்தார்கள். மகள் முகம் பேயறைந்ததுபோல வீட்டுக்கு வந்தாள். வரலாற்றுத் தாளில் ரஷ்யப் புரட்சியின் காரணங்களைக் கேட்டிருந்தார்கள். 'புரட்சியின் காரணங்கள்' என்று கண்ணில் பட்டதுமே அவள் கை தானாக ஓடி, பிரெஞ்சுப் புரட்சியை மணிமணியாக எழுதி வைத்துவிட்டது. அந்தக் கட்டுரைக்குச் சுழி.

"எழுதி முடிச்சு, அழகா அடிக்கோடெல்லாம் போட்டேம்மா. நாடு மாறினதுகூடத் தெரியல" என்று அழுதாள். அழுகையோடு இரைப்பும் சேர்ந்தது. மருந்துக் குழலை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "நான் எதையுமே புரிஞ்சு படிக்கலைன்னு இப்பதான் தெரியுது. உனக்காவது புரியலைன்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து படித்தார்கள். சமையலறை மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, ஒரு கேள்வியை எடுத்து, ஒருத்தி ஆம் என்றும் மற்றவள் இல்லை என்றும் வாதாட வேண்டும் என்று மகள் விதி போட்டாள். முதல் நாள் போர்க் கேள்வி. தடிப் புத்தகம் சொன்ன அந்த ஒரு நாடுதான் குற்றவாளி என்ற பக்கத்தை மகள் பிடித்தாள். அம்மா இல்லை என்று நிரூபிக்க வேண்டும்.

சமாதானம் நன்றாகத்தான் ஆரம்பித்தாள். கூட்டணிகளைச் சொன்னாள், பயத்தைச் சொன்னாள். மகள் எதிர்த்துப் பேசினாள். உடனே அம்மா, "ஆமா, அதுவும் சரிதான்" என்றாள்.

"அம்மா, நீ எனக்கு எதிர்க்கட்சி!"

"சரியா இருக்கிறதைச் சரின்னுதானே சொல்ல முடியும்?"

"எப்பவும் இதையே சொல்றே!" மகள் புத்தகத்தைத் தள்ளினாள். "அப்பாவும் நானும் சண்டை போட்டப்பவும் இதான் சொன்னே. நடுவுல நிக்கிறேன் நடுவுல நிக்கிறேன்னு சொல்லி, கடைசில என்ன ஆச்சு? அப்பா சொன்னதுதானே நடக்கப்போகுது? நீ சும்மா நின்னேன்னா, பலமா இருக்கிறவங்க பக்கம் நிக்கிறேன்னு அர்த்தம்மா."

அடுப்பில் பால் பொங்கியது. அடுப்பை அணைக்கப் போன சமாதானம் மேசைக்குத் திரும்பி வரவில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் சொன்னது சரி என்று பட்டது. கூடவே, தான் அப்படி ஒன்றும் கெட்ட எண்ணத்தில் நிற்கவில்லையே என்றும் பட்டது. கணவரின் பயம் பொய்யில்லை. இழுப்பு வந்த இரவுகளில் விடிய விடியப் பிள்ளையை மடியில் நிமிர்த்தி வைத்திருந்தவர் அவர்தான். இதில் எதை எடுத்து எதைத் தள்ளுவது? நாலு நாள் வேலையிலும் இதே யோசனை. ஒருவருக்கு வலது கண் லென்சை இடது பக்கம் செருகிவிட்டு, "படிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பரீட்சை நாள் வந்தது. மகளுக்கு அவள் பள்ளியிலேயே இடம். சமாதானத்துக்கு வேறொரு கட்டடத்தின் மேல்மாடி. கேள்வித்தாளை விரித்தால் அதே கேள்வி, கொஞ்சம் வேஷம் மாற்றிக்கொண்டு: 'முதல் உலகப் போர் தவிர்க்க முடியாததாக இருந்ததா?' வெகுநேரம் பேனாவைக் கையில் பிடித்தபடி இருந்தாள். பிறகு, 'தவிர்த்திருக்க முடியும்' என்று முதல் வரியை எழுதினாள். எழுதியதும் அடித்துவிடலாமா என்று பேனா அதன்மேல் போனது. ஆனாலும் அடிக்கவில்லை. வேறு வழி இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள், ஒவ்வொருவரும் அடுத்தவர் நிறுத்தட்டும் என்று காத்திருந்தார்கள், யாராவது ஒருவர் நிறுத்தியிருக்கலாம் என்று போனபோக்கில் எழுதிக்கொண்டே போனாள். எதிர்த்தரப்பையும் ஒரு பத்தியில் சொன்னாள். கடைசியில் மறுபடியும் தன் தீர்ப்பையே எழுதினாள். வெளியே வந்தபோது தான் எழுதியது சரியா, உளறலா என்று ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாம் போரின் உடன்படிக்கை ஒன்றை முதல் போரில் கொண்டுபோய்ச் செருகிவிட்டோமோ என்றும் பயமாக இருந்தது.

கணவர் ஸ்கூட்டரோடு வாசலில் காத்திருந்தார். "எப்படி எழுதினே?"

"தெரியலைங்க." பின்னால் ஏறி உட்கார்ந்தவள், வண்டி கிளம்புவதற்கு முன்பே சொன்னாள். "பொண்ணு வானிலை படிக்கப் போகட்டும்."

அவர் வண்டியை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "என்ன திடீர்னு?"

"திடீர்னு இல்ல. அவளுக்கு இப்போ தானாவே மருந்து எடுத்துக்கத் தெரியுது. நாமளே போய் விடுதியைப் பாப்போம், பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்கான்னு பாப்போம். உங்க பயம் எனக்கும் இருக்கு. இருந்தாலும் போகட்டும்னுதான் சொல்றேன்."

"நீயா பேசுறே?"

"எனக்கும் அதான் சந்தேகமா இருக்கு" என்றாள்.

அவர் வண்டியைக் கிளப்பினார். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு அந்த நகரத்துக்குப் போனார். விடுதியின் படுக்கையைத் தட்டிப் பார்த்து, தூசு இருக்கிறதென்று வார்டனோடு சண்டை போட்டு, ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்து பார்த்துவிட்டு வந்தார். "விடுதி லிஃப்ட் சரியில்ல. இவ படியில ஏறக் கூடாது. அதைச் சரி பண்ணிக் கொடுத்துட்டு வந்தேன்" என்றார். அதுதான் அவர் சம்மதம்.

முடிவுகள் வந்தன. மகளுக்கு வரலாற்றில் நல்ல மதிப்பெண். சமாதானம் தட்டுத்தடுமாறித் தேறியிருந்தாள். மகள் கட்டிக்கொண்டு குதித்தாள். அம்மாவோ, "எதுக்கு மார்க் போட்டாங்கன்னு தெரியலையே. தீர்ப்புக்கா, கையெழுத்துக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மகள் புறப்பட்டுப் போய் ஒரு மாதத்துக்குள் இரைப்பு வந்துவிட்டது. விடுதித் தோழியோடு ஆஸ்பத்திரிக்குப் போய், மருந்து ஆவி பிடித்து, சரியான பிறகுதான் மறுநாள் சாயங்காலம் போன் செய்தாள். சமாதானம் அவசரமாகக் கேட்டாள். "திரும்பி வந்துடுறியாடா கண்ணு?"

"வரமாட்டேம்மா. நாளைக்கு மழைமானி பத்தி வகுப்பு இருக்கு." சிரித்தாள். சிரிப்பில் இன்னும் லேசாக இழுப்பு இருந்தது.

போனை வைத்தபோது கணவர் எதிரே உட்கார்ந்திருந்தார். 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆவலோடு, "நாம அனுப்பினது சரிதானா?" என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். அவள் சேர்ந்திருந்த கண் பரிசோதனை வகுப்பின் பாடப்புத்தகம் மேசையில் திறந்து கிடந்தது.

"தெரியலைங்க. ஆனா மாத்திச் சொல்ல மாட்டேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, டீ போட எழுந்து போனார்.