மூலைக்கொடியின் சாறு

நம்பாதவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் இது நடந்தது... 1998 மாசியில், உடையார்கட்டில், பட்டப்பகலில்.

மரியநேசன் முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். வைகாசியில் அவருடைய மனைவி றோஸ்மேரியின் ஆண்டுத் திவசம். அரசு வன்னிக்குப் போட்டிருந்த பொருள்தடையால் பூசைக்கு வைன் வரவில்லை. பங்குச் சுவாமி கையை விரித்துவிட்டார். அவள் பெயரைச் சொல்லி ஒரு பூசை ஒப்புக்கொடுக்காமல் மனிதருக்கு நித்திரை ஏது? இளமையில் கன்னியர் மடமொன்றில் வைன் போட்டுப் பழகியவர், தானே போடுவதென்று இறங்கினார்.

திராட்சை இருந்தது தவராசாவின் தோட்டத்தில். தவராசா வாயில் நல்ல வார்த்தை வந்தால் அன்று மழை.

"மூலைக்கொடியிலை கை வைக்காதை. மற்றதைப் பிடுங்கிக்கொண்டு துலை."

மரியநேசனிடம் பழத்தின் இனிப்பை அளக்கும் பழைய குழாய் ஒன்று இருந்தது. அதன் கண்ணாடியில் ஒரு சொட்டுச் சாறு விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கண்ணை வைக்க வேண்டும். உள்ளே கீழே வெள்ளை, மேலே நீலம். இரண்டும் சந்திக்கும் கோடு இருபதைத் தொட்டால் பழம் வைனுக்கு ஆகும். குறைந்தால் புளித்துக் காடியாகிவிடும்.

மற்ற எல்லாக் கொடியும் பதினாலு.

தவராசா அந்தப் பக்கம் போனதும் மூலைக்கொடிக்குப் போனார். இருபத்துநாலு! கூடை நிறையப் பிடுங்கினார். மனம் கேளாமல் இன்னொரு சொட்டு விட்டுப் பார்த்தார்.

கோடு இறங்கியது.

இருபது... பன்னிரண்டு... ஐந்து...

நீலம் இறங்கி வெள்ளையை முழுவதும் மூடியது. பிறகு நீலமும் கறுத்தது.

பொத்... பொத்...

மண் விழும் சத்தம். குழாய்க்குள்ளே.

"மூடாதேங்கோ... நான் உள்ளுக்கை நிக்கிறன்..."

பெண் குரல்.

மரியநேசன் ஓடினார். கூடையை மட்டும் விடவில்லை.

வைன் அருமையாக வந்தது. திவசத்தன்று சுவாமி இறந்தவளின் பெயரைச் சொல்லும் இடத்தில், தெளிவாக, "ஞானேஸ்வரி" என்றார். கோயில் முழுக்கக் கேட்டது. பூசை முடிந்து கேட்டபோது அவருக்கே குழப்பம்.

"றோஸ்மேரி எண்டுதானே சொன்னனான்?"

பின்வரிசை வாங்கில் இருந்த வடிவம்மா மரியநேசனின் கையைப் பிடித்தாள். தவராசாவின் பக்கத்து வளவுக்காரி அவள்.

"அது தவராசான்ரை பெண்சாதியின்ரை பேரெல்லோ. வவுனியாவுக்குப் போயிட்டாள் எண்டு சொன்னவன். அண்டைக்குத்தான் மூலையிலை இருந்த பங்கர்க் குழியை மண் போட்டு மூடி, அதுக்கு மேலை கொடியை நட்டவன்."