யாரையும் வீட்டில் உட்காரவிடாத அண்ணன்

தம்பிக்காரனுக்கு இந்த வயிற்றெரிச்சல் கல்யாணமான புதுசிலிருந்தே உண்டு. மாமனார் வீட்டு ஆட்கள் முதல்முறையாக வந்திருந்தார்கள். அவன் பெண்டாட்டி வேர்க்க விறுவிறுக்கச் சமைத்து வைத்திருந்தாள். அண்ணன் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "வீட்டுக்குள்ள அடைஞ்சு கெடக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க? எழுந்திருங்க" என்று ஆடு மாடு ஓட்டுகிற மாதிரி எல்லாரையும் மியூசியத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்தபோது அவர்களுக்குக் கால் வலி. சோறு ஆறி அவலாகிக் கிடந்தது. பேச வேண்டியதைப் பேசாமலே ரயில் ஏறிப் போனார்கள். "உங்கண்ணனுக்கு வீடுன்னாலே ஆகாதா?" என்று அவள் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அண்ணன் டவுன் பஸ் ஓட்டியவர். மியூசியம், கோட்டை, மீன் காட்சி என்று யார் வந்தாலும் ஒரு வட்டம் அடித்தே தீர வேண்டும். மியூசியத்தில் தொங்குகிற திமிங்கல எலும்பைத் தானே பிடித்து வந்து மாட்டியது மாதிரி அளப்பார். மம்மிப் பெட்டிக்கு முன்னால் நின்று, "இது எங்க டெப்போ மேனேஜர். எவ்வளவு கத்தினாலும் அசைய மாட்டான்" என்பார். அண்ணி செத்தபோது துக்கம் கேட்க வந்தவர்களையே மறுநாள் கோட்டைக்குக் கூட்டிப் போனார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே மகன் இதைப் பார்த்தே வளர்ந்தான். வெளிநாட்டு வேலைக்குப் போன பிறகும் லீவில் வந்தால் அப்பனும் மகனும் ஊரைச் சுற்றுவார்கள். போன வருஷம் பக்கவாதம் வந்து அண்ணனுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. இந்த முறை மகன் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து கட்டிலருகே நின்றான்.

"எப்படிப்பா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கேன்."

அவ்வளவுதான். அடுத்த பேச்சு, "சித்தப்பா, வேன் ரெடியா?"

தம்பி பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேன் வைத்திருந்தான். ஒருநாள் கோட்டை, ஒருநாள் மீன் காட்சி, கடைசி நாளுக்கு மியூசியம். தாங்கள் ஊர் சுற்றுவதுதான் அப்பாவுக்குச் சந்தோஷம் என்று மகன் மனதார நம்பினான். திரும்பி வந்து செல்போனில் போட்டோ காட்டினான். அண்ணன் தலையாட்டினார்.

அவர்கள் கிளம்புகிற அன்று காலை, தம்பி அண்ணனுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தான். நுரைக்குள்ளிருந்து குழறலாக வார்த்தை வந்தது.

"இன்னிக்கு மியூசியம் லீவுன்னு சொல்லிடுடா. இன்னிக்காவது அவன் வீட்ல இருக்கட்டும்."

"வேணாம், இருன்னு நீங்களே சொல்றதுக்கென்ன?"

"ஆயுசு பூரா எல்லாரையும் கிளப்பிவிட்டவன். எந்த வாயால உக்காருன்னு சொல்ல?"

தம்பி கத்தியை வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனான். "மியூசியம் இன்னிக்கு லீவாம்."

மகன் செல்போனைத் தடவினான். "இல்லையே சித்தப்பா, திறந்திருக்குன்னு போட்டிருக்கே. யார் சொன்னா?"

தம்பி வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அண்ணன் குரல் முந்திக்கொண்டது. "அவனுக்கு என்ன தெரியும்? திறந்துதான் இருக்கும். கூட்டிட்டுப் போடா."

பிள்ளைகள் அதற்குள் வேனில் ஏறி ஹாரனை அமுக்க ஆரம்பித்திருந்தன. மகன் உள்ளே வந்து போர்வையை இழுத்துச் சரிசெய்தான். "வந்ததும் உக்காந்து பேசலாம்ப்பா" என்றான். வந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமானத்துக்கு ஓடத்தான் நேரம் இருக்கும். அது அவனுக்கும் தெரியும், அப்பனுக்கும் தெரியும்.

தம்பிக்கு நாக்கு நுனிவரை கெட்ட வார்த்தை வந்தது. விழுங்கிக்கொண்டு சாவியை எடுத்தான். அண்ணன் கூப்பிட்டார். ஒரு கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது. அவர் அவனிடம் கடைசியாகச் சொன்ன வேலை இதுதான்.

"வேன்லயே உக்காந்திருக்காத. நீயும் உள்ள போ. அவன் அங்க எது முன்னால ரொம்ப நேரம் நிக்கிறான்னு பாத்துட்டு வந்து சொல்லு."