பி.பி. நம்பர்

எண்பதுகளின் கடைசியில் செம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு ஒரே ஒரு டெலிபோன்தான். அது எங்கள் வீட்டில் இருந்தது. என் கணவருக்குத் தொலைபேசித் துறையில் வேலை, அதனால் கிடைத்தது. எங்கள் நம்பரைத் தெருவே தன் நம்பராக எழுதிக் கொடுத்தது, பக்கத்தில் 'பி.பி.' என்று இரண்டு எழுத்தைப் போட்டு. கல்யாணப் பத்திரிகை, வேலை விண்ணப்பம், எல்லாவற்றிலும் நாங்கள் இருந்தோம். போன் வந்தால் உரியவரைப் போய்க் கூட்டி வருவது என் பொறுப்பு. முதல் மாதம் பெருமையாக இருந்தது. அப்புறம் எரிச்சல்தான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது தெருவுக்கும் தெரியும், ஆனாலும் வேறு வழியில்லாமல் வந்துகொண்டிருந்தார்கள்.

நாலு வீடு தள்ளி நர்ஸம்மா இருந்தார். அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிப் பல வருஷம். ஒரே மகன், குடும்பத்தோடு பம்பாயில். தெருவில் பாதிப் பேர் இடுப்பில் அவர் ஊசி இறங்கியிருக்கிறது. என் மகளுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது பத்து நாள் காலையும் மாலையும் வந்து பார்த்தார். எழுபதைத் தாண்டியும் அவருக்கு இருந்தது ஒரே பிடிவாதம். தான் கட்டிய வீட்டுக் கதவைத் தானே உள்ளே தாழ் போட்டுக்கொள்ள வேண்டும், கடைசி வரைக்கும்.

மகன் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூப்பிடுவார். எஸ்.டி.டி. காசு ஓடுமே என்று, "அம்மாவைக் கூட்டி வைங்க, அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பண்றேன்" என்று சொல்லி வைத்துவிடுவார். நான் போய்ச் சொன்னால் நர்ஸம்மா மூன்று நிமிஷத்தில் எங்கள் கூடத்தில் நிற்பார். பம்பாய்க்கே வந்துவிடச் சொல்லி மகன் கெஞ்சுவார். "கூப்பிட்ட அஞ்சு நிமிஷத்துல வந்து பேசறேனா இல்லையா? அப்புறம் எனக்கு என்ன குறைச்சல்?" என்பார் இவர். மகனும் ஒரு நாள் ஒப்புக்கொண்டார். அம்மா அஞ்சு நிமிஷத்தில் வந்து போனை எடுக்கிற வரைக்கும் தானும் கவலைப்படப் போவதில்லை என்றார். அதை எங்களிடம் நர்ஸம்மா மெடல் வாங்கின மாதிரி சொன்னார்.

ஒரு கோடையில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் நடை போய்விட்டது. சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் நடந்தார். எங்கள் வீட்டுக்கு வர பத்து நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று.

அப்போதுதான் தெரு ஒன்று சேர்ந்தது. யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை. அவருடைய எதிர்வீட்டில் ஓர் அக்கா இருந்தார், ராஜகீழ்ப்பாக்கம் முனையில் காலையில் இட்லி விற்பவர். அவர் கடைக்குப் போகுமுன் அடி பம்பில் நாலு குடம் அடித்து நர்ஸம்மா வீட்டில் வைத்துவிடுவார். மளிகைக் கடை பாய் அரிசியும் பருப்பும் தானே கொண்டுவந்து, டப்பாவில் கொட்டியும் கொடுத்துவிட்டுப் போவார். மதியச் சாப்பாடு என் வீட்டிலிருந்து. ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கே நானோ அக்காவோ, முறை வைத்து, அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து போனுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவோம்.

பத்து மணிக்குப் போன் அடிக்கும். "இதோ போய்க் கூட்டிட்டு வரேன் சார்" என்று நான் சொல்வேன். நர்ஸம்மா என் முழங்கைக்கு அருகில் உட்கார்ந்திருப்பார். அந்த அஞ்சு நிமிஷமும் நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருப்போம். மறுபடி மணி அடித்ததும் உடனே எடுக்க மாட்டார், மூன்று மணி விட்டுத்தான் எடுப்பார். கொஞ்சம் மூச்சு வாங்குகிற மாதிரிகூடப் பேசுவார். "வேகமா நடந்து வந்தேன்டா, அதான்." ஆஸ்பத்திரியில் எத்தனையோ நோயாளிகளின் பொய்யைப் பார்த்தவர், அவருக்கா சொல்லித்தர வேண்டும். ஒன்றரை வருஷம் இப்படி ஓட்டினோம்.

அந்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. ஏரி நிரம்பி, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். நடக்கச் செங்கல் போட்டிருந்தோம். அந்த ஞாயிறு என் முறை. வீட்டில் நாத்தனார் குடும்பம் வந்திருந்தது, சமையலறையில் ஒழுகியது, எனக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். போதாக்குறைக்கு அந்த வாரம் நர்ஸம்மா என் சாம்பாரைப் பற்றி, "நோயாளிக்குச் சமைச்ச மாதிரி இருக்கு" என்று சொல்லியிருந்தார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். எனக்கு அது மனதில் தங்கிவிட்டது. ஒன்பதரைக்குப் போகவில்லை. மறந்துவிட்டேன் என்று பிறகு எனக்கே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை.

பத்து மணிக்குப் போன் வந்தது. வாசலில் நின்று உரக்கக் குரல் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அஞ்சு நிமிஷத்தில் மறுபடி அடித்தது. நர்ஸம்மா வரவில்லை. இன்னும் அஞ்சு நிமிஷம் கேட்டேன். மூன்றாம் முறை அடித்தபோதும் வரவில்லை.

"ஏன் இவ்வளவு நேரம்? அம்மா நல்லாத்தானே இருக்காங்க?" என்றார் மகன்.

'மழை சார், தெருவெல்லாம் தண்ணி' என்று சொல்லியிருக்கலாம். அது பொய்கூட இல்லை. ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தது. நான் சொன்னது இதுதான். "உங்கம்மாவால இனிமே தனியா இருக்க முடியாது சார். ரொம்ப நாளா நடக்கவே முடியல. நாங்களும் எவ்வளவு நாள்தான் பாக்கறது?"

சொல்லி முடித்துத் திரும்பினேன். நர்ஸம்மா நிலைப்படியில் நின்றிருந்தார். ஒரு கையில் செருப்பு, இன்னொரு கையால் கதவைப் பிடித்திருந்தார். புடவை முழங்கால் வரை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. யார் துணையும் இல்லாமல் அந்தத் தண்ணீரில் செங்கல் செங்கலாக வந்திருக்கிறார். ரிசீவரை வாங்கி, "சொல்லுடா" என்றார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். "சரி, வா" என்று வைத்துவிட்டார்.

பத்து நாளில் மகன் வந்தார். வீட்டைப் பூட்டிச் சாவியை ஒரு புரோக்கரிடம் கொடுத்தார். சாமான்களை ஏற்றும்போது தெருவே வாசலில் நின்றது. பாய் ஒரு பையில் முந்திரியும் திராட்சையும் கொண்டுவந்து கொடுத்தார். எதிர்வீட்டு அக்காவுக்குத்தான் ஆறவில்லை.

"யாரு போட்டுக் குடுத்தது? அத்த மட்டும் சொல்லு நர்ஸம்மா."

"யாரும் சொல்லலம்மா. நாந்தான் வரச் சொன்னேன். எனக்கு முடியல" என்றார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

"இன்னா முடியல? நாங்க இல்ல? நாங்க பாத்துக்க மாட்டமா? இட்லி சட்டிய தூக்கிகினு அலையறவ நானு, எனக்கே பாரமா தெர்ல, உனக்கு இன்னா வந்துச்சு?"

நானும் 'நாங்க' என்றுதான் சொல்லியிருந்தேன். யாரைக் கேட்டுச் சொன்னேன்? அக்காவைக் கேட்டேனா, பாயைக் கேட்டேனா? என் ஒருத்தியின் அலுப்புக்குத் தெருவையே கையெழுத்துப் போட வைத்துவிட்டேன். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும், நான்தான் சொன்னேன் என்று. அக்காவின் வாய்க்குப் பயந்து சும்மா நின்றேன். நர்ஸம்மா டாக்ஸியில் ஏறிவிட்டார்.

பிற்பாடு எனக்குள் எத்தனையோ தடவை வக்கீல் வேலை பார்த்திருக்கிறேன். நான் சொன்னது உண்மைதானே, இன்னொரு தடவை விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், மகனுக்குத் தெரிய வேண்டாமா. எல்லாம் சரிதான். ஆனால் அவர் நல்லதுக்காக நான் அதைச் சொல்லவில்லை. சாம்பாருக்காகவும் காய்ச்சலுக்காகவும் சொன்னேன். உண்மையை அப்படிப் பயன்படுத்தியதற்கு வெட்கப்படுகிறேன்.

பம்பாயில் அவர் உயிரோடு இருந்தது ஒன்றரை வருஷம். நாலாவது மாடி, லிப்ட் கிடையாது என்று மகன் பிறகு சொன்னார். அங்கே போன பிறகு அவர் கீழே இறங்கியதே இரண்டு மூன்று தடவைதானாம். அந்த ஒன்றரை வருஷத்தில் எங்கள் நம்பருக்கு மூன்று முறை பேசினார். மூன்று முறையும் அக்காவைத்தான் கேட்டார். "எதிர்வீட்டுக்காரிய கூப்பிடும்மா. அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பண்றேன்." அவ்வளவுதான், வைத்துவிடுவார். அக்கா ஓடி வந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நர்ஸம்மா உட்காரும் அதே நாற்காலியில் காத்திருப்பார். அடுத்த முறை அவர் வைப்பதற்குள் அந்த ஒரு நொடியில் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நான் வார்த்தைகளைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

மூன்றாம் முறை பேசியது அடுத்த வருஷ மழையில். ஒரு ஞாயிறு, பத்து மணி. குரல் ரொம்ப மெலிந்திருந்தது. நான் ஹலோ சொன்னதும் வழக்கம்போல உடனே அக்காவைக் கேட்கவில்லை.

"அங்க மழையாம்மா?" என்றார்.

"ஆமா நர்ஸம்மா. நாலு நாளா."

"தெருவெல்லாம் தண்ணியா?"

"ஆமா."

நான் தயார் செய்து வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

"அப்ப அவளுக்கு அஞ்சு நிமிஷம் பத்தாது" என்றார். "பத்து நிமிஷம் கழிச்சுப் பண்றேன்."